அம்மி கொத்துறதைப் பாத்தவங்களுக்கு அக்வாடின்ட் ஈசியா புரியும்

போன மாசம் ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கிற சித்தப்பா பொண்ணு ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் பண்ணி ஒரே புலம்பல். "அக்கா, லினோகட் வரைக்கும் நல்லாதான் போச்சு, எச்சிங் வந்ததுல இருந்து தலையே சுத்துது, கோடு போட்டா கோடு வருது சரி, ஆனா வானம் முழுக் கறுப்பா வரணும்னு அந்த இடத்துல இருந்த மெழுகை மொத்தமா சொரண்டி எடுத்துட்டு அரை மணி நேரம் ஆசிட்ல போட்டேன், பிரிண்ட் எடுத்துப் பாத்தா சாக்கடைத் தண்ணி மாதிரி ஒரு சாம்பல், ஓரத்துல மட்டும் கறுப்பா ஒரு கோடு, நான் எங்க தப்பு பண்ணேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான் படிக்கும்போது எனக்கும் இதே வானம், இதே சாம்பல்தான் வந்துச்சு. அன்னைக்கு எனக்கு யாரும் காரணம் சொல்லல, "அக்வாடின்ட் போடும்மா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க (எச்சிங் தகட்டுல அகலமான இடத்தைச் சாம்பலா, கறுப்பா கொண்டு வர்ற முறைக்குத்தான் அந்தப் பேரு), அந்த ஒரு வார்த்தையைப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு. அவளுக்கு ஃபோன்ல சொன்னதையே இங்க கொஞ்சம் நிதானமா எழுதுறேன், பிரிண்ட்மேக்கிங், அதாவது தகட்டுல கட்டையில படம் பண்ணி அதைக் காகிதத்துல அச்சு எடுக்கிற கலை, அதைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கும் புரியணும்னுதான் பாக்கறேன்.

முதல்ல ஒரு விஷயம். எங்க பக்கத்து ஆர்ட் காலேஜ்கள்ல இதைக் 'கிராஃபிக்ஸ்'னுதான் சொல்லுவாங்க. சொந்தக்காரங்க கிட்ட "கிராஃபிக்ஸ் படிக்கிறேன்"னு சொன்னா உடனே "அப்போ நம்ம வீட்டு கல்யாணப் பத்திரிகையை நீயே கம்ப்யூட்டர்ல டிசைன் பண்ணிடு"ன்னு வரும். அந்தக் கிராஃபிக்ஸ் வேற. இது தகடு, ஆசிட், மை, ஈரக் காகிதம், நாலு பேர் சேந்து தூக்கினாலும் நகராத இரும்பு பிரஸ், இதெல்லாம் வெச்சுப் பண்ற வேலை, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது நகத்துக்கு அடியில கறுப்பு மை இல்லேன்னா அன்னைக்கு வேலையே நடக்கலன்னு அர்த்தம்.

முதல் வருஷத்துல லினோ, மரக்கட்டைன்னு பண்ணுவீங்கள்ல, அது ரப்பர் ஸ்டாம்ப் கணக்கு. வேண்டாத இடத்தைச் செதுக்கி எடுத்துட்டா மேடா நிக்கிற இடத்துல மை ஒட்டும், அதுதான் காகிதத்துல விழும். இதுல குழப்பமே இல்ல. அடுத்த கட்டமா வர்ற எச்சிங் இதுக்கு நேர் தலைகீழ். இங்க பள்ளத்துலதான் மை இருக்கணும், மேடு சுத்தமா துடைக்கப்படணும். தகடு மேல மையை அப்பி, மேலாப்புல இருக்கிறதைத் துடைச்சு எடுத்துட்டு, பள்ளத்துக்குள்ள தங்கின மையை ஈரக் காகிதம் பிரஸ்ஸோட அழுத்தத்துல உள்ள போய் உறிஞ்சி எடுத்துட்டு வரும். பள்ளம் இல்லாத இடம் வெள்ளை, ஆழமான பள்ளம் கறுப்பு. இந்த ஒரு திருப்பத்தை மனசு ஏத்துக்கவே பலருக்கு ரெண்டு வாரம் ஆகும்.

பள்ளத்தை எப்படிப் பண்றது? ஊசியால நேரடியா கீறலாம், அது டிரைபாயின்ட். எச்சிங்ல நம்ம கை கீறுறது மெழுகை மட்டும்தான், உலோகத்தை அரிக்கிற வேலை ஆசிட்டோடது. நம்ம ஊர்ல பொதுவா ஜிங்க் தகடு வாங்குவாங்க, காப்பரை விட விலை கம்மி. ஓரத்தையெல்லாம் அரம் வெச்சுச் சாய்வா தேய்க்கணும், இல்லேன்னா காகிதத்தையும் பிரஸ்ல போடுற கம்பளித் துணியான ஃபெல்ட்டையும் அந்த ஓரம் வெட்டிடும். அப்புறம் சாக் பவுடர் போட்டுத் தேய்ச்சு எண்ணெய்ப் பிசுக்கே இல்லாம கழுவணும். தண்ணிய ஊத்தினா முத்து முத்தா நிக்கக் கூடாது, ஒரே படலமா பரவி ஓடணும், அப்போதான் சுத்தம்னு அர்த்தம். அதுக்கு மேல தேன்மெழுகு, பிட்டுமென்ங்கற தார், ரோசின்ங்கற பிசின் மூணும் சேத்துக் காய்ச்சின 'ஹார்ட் கிரவுண்ட்' பூசுவாங்க. பூசினதைக் கவுத்துப் பிடிச்சு மெழுகுவத்திப் புகையில காட்டினா கன்னங்கரேல்னு ஆயிடும், வீட்ல விளக்குக்கு மேல தட்டைக் கவுத்துக் கண்மைக்குக் கரி பிடிப்பாங்களே, அதே வேலைதான், அந்தக் கறுப்பு மேல ஊசியால வரைஞ்சா உலோகம் வெள்ளிக்கோடா பளிச்னு தெரியும். ஆசிட்ல போட்டா திறந்த கோட்டை மட்டும் அது அரிக்கும். ஓவியம் வரையத் தெரிஞ்ச யாரும் இதுவரைக்கும் வந்துடலாம்.

பிரச்சினை அகலமான இடத்துக்கு வரும்போது ஆரம்பிக்குது.

கோடு ஏன் மையைப் பிடிக்குது? ரெண்டு பக்கமும் சுவர் இருக்கு, நடுவுல முடி கனத்துக்குத்தான் இடம். துணியால துடைச்சாலும் துணி அந்த இடுக்குக்குள்ள போகாது. அதுவே ஒரு இன்ச் அகலத்துக்குப் பள்ளம் தோண்டினா? துணி சாவகாசமா உள்ள இறங்கி அடி வரைக்கும் துடைச்சுட்டுப் போயிடும், சுவர் ஓரத்துல மட்டும் கொஞ்சம் மை தங்கும். என் தங்கச்சி வானத்துல நடந்தது இதுதான். இதுக்கு 'ஓப்பன் பைட்'னு பேரு, தெரிஞ்சே பண்ணா அதுவும் அழகுதான், தெரியாம பண்ணா சாக்கடைத் தண்ணி.

இப்போ அம்மியை நினைச்சுக்கோங்க. எங்க ஆச்சி வீட்ல மஞ்சள் மிளகாய் அரைச்சு முடிச்சதும் உள்ளங்கையால மொத்த மசாலாவையும் ஒரே வழியா வழிச்சு எடுத்துடும், கல்லு சுத்தமா இருக்கிற மாதிரி தெரியும், ஆனா கிட்ட போய்ப் பாத்தா உளியால கொத்தின ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் மஞ்சள் உக்காந்திருக்கும். ஒரு சொம்புத் தண்ணி ஊத்தித் தேய்ச்சாத்தான் வெளிய வரும். தெருவுல "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ"ன்னு கூவிட்டு வர்றவர் கொத்தினது அரைபடறதுக்காக, ஆனா அந்தக் கொத்து மசாலாவையும் பிடிச்சு வெச்சுக்குது. வழவழன்னு தேஞ்ச அம்மியில மசாலா தங்காது.

அக்வாடின்ட்ங்கறது தகட்டைக் கொத்துறது, அவ்ளோதான். அகலமான இடத்துல மை நிக்கணும்னா அந்த இடம் பூரா கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிக் குழியும் சுவருமா இருக்கணும். உளியால அத்தனை கொத்து முடியாது. அதனால ரோசின் தூள் வருது.

ரோசின்னா பைன் மரத்துப் பிசின், தேன் கலர்ல கட்டியா கிடைக்கும், அதை நைசா பொடி பண்ணணும். பெரிய ஸ்டூடியோவுல ஒரு மரப்பெட்டி இருக்கும், கைப்பிடியைச் சுத்தினா உள்ள தூள் பறக்கும். சுத்தி நிறுத்திட்டு கொஞ்ச நேரம் காத்திருக்கணும், பெரிய துகள் சீக்கிரம் கீழ இறங்கிடும், நைசான துகள் மிதந்துட்டே இருக்கும், அப்போ தகட்டை உள்ள வெச்சா அந்த நைஸ் தூள் மட்டும் பனி இறங்குற மாதிரி மெதுவா மேல படியும். பெட்டி இல்லாத இடத்துல மல் துணியில மூட்டையா கட்டித் தட்டித் தூவுவாங்க, கோலமாவு மாதிரி நெனைச்சுக்காதீங்க, அதை விட ரொம்ப நைஸ். தகட்டுல கிட்டத்தட்ட பாதி இடத்தைத் துகள் மூடியிருக்கணும், மீதிப் பாதி உலோகம் தெரியணும். மாஸ்க் கட்டாயம் போடுங்க, இந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, காத்துல தூள் பறக்கும்போது பக்கத்துல நெருப்பு இருந்தா டப்புனு பத்திக்கும், அதனால பெட்டி ஒரு மூலையில, அடுப்பு வேற மூலையில.

தூள் படிஞ்ச தகட்டைத் தும்மாம நடந்து எடுத்துட்டு வந்து அடியில இருந்து சூடு காட்டணும். இந்த ஒரு நிமிஷம்தான் எல்லாம். வெள்ளையா மாவு மாதிரி இருக்கிற தூள் ஒரு ஓரத்துல இருந்து மெல்ல மெல்ல காணாம போகும், உண்மையில காணாம போகல, உருகிக் கண்ணாடி மாதிரி ஆயிடுது, தகட்டைச் சாய்ச்சுப் பாத்தா மினுமினுங்கும், சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை வரும். அந்த மினுமினுப்பு வந்த இடத்துல இருந்து அடுப்பை உடனே நகத்திடணும். நான் முதல் தடவை "இன்னும் கொஞ்சம் ஒட்டட்டுமே"ன்னு வெச்சிருந்தேன். புள்ளி எல்லாம் உருகி ஒண்ணோட ஒண்ணு சேந்து ஒரே ஏடா படிஞ்சுடுச்சு. ஆசிட்டுக்கு உள்ள போக வழியே இல்ல. படத்துல கறுப்பா வரவேண்டிய வீட்டுச் சுவரு வெள்ளைவெளேர்னு வந்துச்சு. அதுக்கு நேர்மாறா சூடு பத்தலேன்னா ஆசிட்ல போட்டதும் தூள் கழண்டு மிதக்கும்.

மதுரை சுங்குடிச் சேலை தெரியுமில்ல, துணியைப் பொட்டுப் பொட்டா முடிச்சுப் போட்டுச் சாயத்துல முக்குவாங்க, முடிச்சு போட்ட இடம் வெள்ளைப் புள்ளியா நிக்கும். தகட்டுல ஒவ்வொரு ரோசின் துகளும் அப்படி ஒரு முடிச்சு. அதைச் சுத்தி ஆசிட் அரிக்கும், துகளுக்கு அடியில இருக்கிற உலோகம் அப்படியே நிக்கும். சாயத்துல எவ்ளோ நேரம் ஊறுதோ அவ்ளோ அடர்த்தி. ஆசிட்டும் அப்படியே, 10 செகண்ட் விட்டா லேசான சாம்பல், அஞ்சு நிமிஷம் விட்டா குழி ஆழமாகி வெல்வெட் மாதிரி கறுப்பு. அக்வாடின்ட்ல பிரஷ்ஷுக்கு வேலையே கம்மி, கடிகாரம்தான் வரையுது.

இந்த முறையை 1760-கள்ல பிரான்ஸ்ல லெ பிரின்ஸ்ங்கற ஓவியர் நல்லா வளத்து எடுத்தாரு, வாட்டர்கலர் வாஷ் மாதிரி தெரியறதாலதான் பேர்லயே 'அக்வா'. ஸ்பெயின்ல கோயா 1799-ல வெளியிட்ட லாஸ் காப்ரிசோஸ்ல 80 பிரிண்ட் இருக்கு, அதுல பல படங்கள்ல ஆளுக்குப் பின்னாடி இருக்கிற இருட்டு ஒரு கோடு கூட இல்லாம வெறும் அக்வாடின்ட்லயே நிக்கும், நெட்ல பெருசு பண்ணிப் பாத்தீங்கன்னா மணல் மாதிரி பொரிபொரியா தெரியும். நமக்கு இன்னும் கிட்ட வேணும்னா, இங்கிலீஷ்காரங்க தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு சித்தப்பனும் அண்ணன் மகனும் இந்தியா பூரா சுத்திட்டுப் போய் 1795-ல இருந்து 1808 வரைக்கும் லண்டன்ல 144 அக்வாடின்ட் போட்டாங்க, தஞ்சாவூர் பெரிய கோயில், மாமல்லபுரம், திருச்சி மலைக்கோட்டை எல்லாம் அதுல இருக்கு, மேல கையால கலர் பூசினது. பழைய தமிழ்நாடுன்னு வாட்ஸாப்ல சுத்துற மங்கலான மஞ்சள் வானம் வெச்ச படங்கள்ல சிலது இவங்களோடதுதான். அந்த வானத்தை அடுத்த தடவை பாத்தா வெறும் வாட்டர்கலர்னு நெனைக்காதீங்க, கலருக்கு அடியில இருக்கிற அந்தச் சாயல் ரோசின் தூள்.

சரி, எவ்ளோ நேரம் விடணும்னு எப்படித் தெரியும்? தெரியாது. ஆசிட் புதுசா பழசா, எவ்ளோ தண்ணி கலந்திருக்கு, சென்னை மே மாசமா மார்கழியா, எல்லாத்தையும் பொறுத்து மாறும். அதனால ஒரு துண்டுத் தகட்டுல டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுத்தான் ஆகணும், இதைச் சோம்பேறித்தனத்துல விட்டவங்க எல்லாம் அப்புறம் பெரிய தகட்டையே டெஸ்ட் ஸ்ட்ரிப்பா ஆக்கிட்டு நிப்பாங்க. ரோசின் போட்ட துண்டுல ஆறு கட்டம். நேரத்தை ஒவ்வொரு தடவையும் ரெட்டிப்பா ஏத்தணும், 10 செகண்ட், 20, 40, 80, 160, 320. ஏன் ரெட்டிப்புன்னா, 10-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு நல்லா தெரியும், 300-க்கும் 310-க்கும் தெரியாது.

இங்கதான் எல்லாரும் கணக்குல வழுக்குவாங்க. மொத்தத் துண்டையும் 10 செகண்ட் விட்டு எடுத்து, கழுவி, காய வெச்சு, முதல் கட்டத்தைப் பிட்டுமென் வார்னிஷ் பூசி மூடிடுறோம். இனிமே அதுக்குள்ள ஆசிட் போகாது. அடுத்தது ரெண்டாவது கட்டம் 20 செகண்ட் ஆகணும், உடனே 20 செகண்ட் விடுவாங்க. தப்பு. அது ஏற்கனவே 10 செகண்ட் குடிச்சாச்சு, இன்னும் 10 போதும். அப்புறம் 20, அப்புறம் 40, 80, 160. மொத்தம் ஆறு முழுக்கு, கடைசிக் கட்டம் 320 செகண்ட் குடிச்சிருக்கும். இதைச் சுவத்துல எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க, ஈரக் கையோட மனக்கணக்கு ஓடாது.

ஆசிட் பத்தியும் சொல்லிடுறேன். ஜிங்க்குக்குப் பல இடத்துல இன்னும் தண்ணி கலந்த நைட்ரிக்தான், கலக்கும்போது தண்ணியில ஆசிட்டை மெதுவா ஊத்தணும், ஆசிட்ல தண்ணிய ஊத்தவே கூடாது, கொதிச்சு மூஞ்சியில தெறிக்கும். தகடு உள்ள போனதும் அரிபடுற இடத்துல குமிழ் குமிழா ஒட்டிக்கும், அதை விட்டா குமிழுக்கு அடியில அரிக்காம புள்ளி விழும், அதனால ஒரு கோழி இறகால மெல்ல தடவிவிட்டுட்டே இருக்கணும். எங்க ஸ்டூடியோ அண்ணன் கறிக்கடையில இருந்து இறகு வாங்கி வந்து கழுவிக் காயவெச்சு டப்பால போட்டு வெச்சிருப்பாரு. புகை மூச்சுக்குக் கெடுதல், எக்ஸாஸ்ட் ஓடாத ரூம்னா உள்ளயே போகாதீங்க. இப்போ பல ஸ்டூடியோவுல நைட்ரிக்கை விட்டுட்டு ஜிங்க்குக்கு மயில்துத்தமும் உப்பும் கலந்த தண்ணிக்கு மாறிட்டாங்க, விவசாயிங்க போர்டோ கலவைக்கு வாங்குற அதே நீலக் கல்லுதான், அதுல போட்டா அரிபட்ட இடத்துல செங்கல் கலர்ல காப்பர் கசடா படியும், பிரஷ்ஷால ஒதுக்கிட்டே இருக்கணும். காப்பர் தகடுன்னா ஃபெர்ரிக் குளோரைடு. ஜிங்க் போடுற தொட்டி வேற, காப்பர் போடுற தொட்டி வேற, மாத்திப் போடாதீங்க.

இனிமே படத்துக்கு வருவோம். நான் பண்ணது ஒரு ராத்திரி டீக்கடை. ஒரு குண்டு பல்பு, அதுக்குக் கீழ பாய்லர், மாஸ்டரோட முதுகு, பின்னாடி இருட்டுத் தெரு. பென்சில்ல வரைஞ்சா எப்படி வரைவோம்? லேசா ஆரம்பிச்சு இருட்டை ஏத்திட்டே போவோம், கடைசியில வெள்ளையை ரப்பரால எடுத்துக்கலாம்னு ஒரு தைரியம் இருக்கும். இங்க அந்த ரப்பர் கையில இல்ல. வெள்ளையை முதல்லயே முடிவு பண்ணியாகணும். ஆசிட் பக்கம் போறதுக்கு முன்னாடியே பல்பு, பாய்லர்ல விழுற பளபளப்பு, ஒரு கிளாஸோட விளிம்பு, இதையெல்லாம் வார்னிஷ்ல மூடணும். 10 செகண்ட் விட்டு எடுத்து, பல்பைச் சுத்தின ஒளிவட்டத்தையும் மாஸ்டரோட தோளையும் மூடணும். இன்னும் 10 செகண்ட் விட்டு, சட்டை. இப்படியே போய்க் கடைசியில திறந்து கிடக்கிறது தெரு மட்டும்தான், அதுதான் கடைசி வரைக்கும் ஆசிட் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் மூடின இடம் கறுப்பு வார்னிஷ், திறந்த இடம் வெள்ளி மாதிரி மினுங்கும் தகடு, அதாவது வெள்ளையா வரப்போற இடம் கறுப்பா இருக்கு, கறுப்பா வரப்போற இடம் வெள்ளையா இருக்கு. போதாக்குறைக்கு இடம் வலமா, வலம் இடமா மாறியிருக்கும். மூணாவது முழுக்குக்கு அப்புறம் எனக்கு எந்தப் பக்கம் பாய்லர்னே மறந்து போச்சு.

போர்டு மேல 'டீக்கடை'ன்னு எழுதினதுதான் உச்சம். தகட்டுல அழகா நேரா எழுதிட்டேன், பிரிண்ட்ல கண்ணாடியில பாக்கற மாதிரி தலைமாறி வந்துச்சு. தமிழ்ல 'ப' மாதிரி ஒண்ணு ரெண்டு எழுத்துதான் இடம் வலமா திருப்பினாலும் கோவிச்சுக்காது, 'ட' இருக்கே, அது திரும்பினா அது 'ட'வே இல்ல. டிரேசிங் பேப்பர்ல எழுதி அதைத் திருப்பிப் போட்டு மேல வரைஞ்சா முடிஞ்சது, ரெண்டு நிமிஷ வேலை, அதைச் செய்யாம போர்டையே சொரண்டி எடுக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

சொரண்டலாமான்னு கேப்பீங்க. சொரண்டலாம், கஷ்டப்பட்டு. மூணு பட்டை வெச்ச ஸ்க்ரேப்பர்னு ஒரு கத்தி, அதால கொத்தின மேற்பரப்பை மழிச்சுட்டு, பர்னிஷர்ங்கற வழவழப்பான இரும்பை எண்ணெய் தொட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு மறுபடி கண்ணாடி ஆக்கணும். முழுசா தேய்ச்சா வெள்ளை, பாதி தேய்ச்சா சாம்பல். பல்பைச் சுத்தி ஒளி மெல்ல கரையிற மாதிரி வேணும்னா வார்னிஷ்ல வராது, அது கட்டம் கட்டமா கத்தி வெச்சு வெட்டின மாதிரி வரும், பர்னிஷரால தேய்ச்சாத்தான் புகை மாதிரி வரும். நான் தப்பைத் திருத்தப் போய்க் கத்துக்கிட்டது இது.

இப்படி மாத்தும்போது ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒரு பிரிண்ட் எடுத்து வெச்சுக்கணும். அதைத்தான் 'ஸ்டேட்'னு சொல்றது, முதல் ஸ்டேட், ரெண்டாவது ஸ்டேட்னு. ரெம்ப்ராண்ட் 1653-ல மூணு சிலுவைகள்னு ஒரு பெரிய டிரைபாயின்ட் பண்ணாரு, மூணு ஸ்டேட் வரைக்கும் சிலுவையைச் சுத்திக் கூட்டம், மேல இருந்து ஒளி. நாலாவது ஸ்டேட்ல மனுஷன் பாதிக் கூட்டத்தைச் சொரண்டித் தள்ளிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் கனமான கோடா இழுத்து மொத்தத்தையும் இருட்டுல மூழ்கடிச்சுட்டாரு. ஒரே தகடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா வேற வேற ஆள் பண்ணதுன்னு சத்தியம் பண்ணுவீங்க. நம்ம ஆளுங்க முதல் புரூஃப், அதாவது சோதனைக்கு எடுக்கிற பிரிண்ட், சரியா வரலன்னா தகட்டைத் தூக்கி மூலையில போட்டுடறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காத விஷயம். முதல் புரூஃப் எனக்கு ஸ்கெட்ச் மாதிரிதான், அது மேல வெள்ளைச் சாக்பீஸ்லயும் கரியிலயும் வரைஞ்சு பாத்து அடுத்து எதைக் கறுப்பாக்கணும்னு முடிவு பண்ணுவேன்.

பிரிண்ட் எடுக்கிறது தனிக் கலை. காட்டன் பேப்பரைத் தண்ணியில ஊற வெச்சு, பிளாட்டிங் பேப்பருக்கு நடுவுல வெச்சு ஒத்தி எடுக்கணும், இஸ்திரி போடறதுக்கு முன்னாடி தண்ணி தெளிச்சுச் சுருட்டி வெச்ச வேட்டியைத் தொட்டா எப்படி இருக்கும், அந்த ஈரம். மேல தண்ணி பளபளக்கக் கூடாது. தகட்டை லேசா சூடாக்கி, அட்டைத் துண்டால மையைக் கொத்துக்குள்ள போற மாதிரி அழுத்தி இழுத்து, அப்புறம் கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கிற மல் துணியைப் பந்தா சுருட்டி வட்டமா துடைக்கணும். மெத்துனு துணி எடுத்தா அது குழிக்குள்ள பூந்து மையை உறிஞ்சிடும், கஞ்சித் துணி மேலாப்புல வழுக்கிட்டுப் போகும். கடைசியா உள்ளங்கையில சாக் பவுடரைத் தொட்டுக்கிட்டுக் கையாலயே ஒரு வழி, ஆச்சி அம்மியை வழிச்ச அதே கை. அழுத்தினா வெளுத்துடும், தடவினா மாதிரி விட்டா அழுக்கா வரும். ஓரத்தைத் துணியால சுத்தமா துடைச்சு, பிரஸ் மேடையில வெச்சு, மேல ஈரக் காகிதம், அதுக்கு மேல ஃபெல்ட், அப்புறம் சக்கரத்தை ஒரே சீரா சுத்தணும், நடுவுல நின்னா நின்ன இடத்துல ஒரு பட்டை விழும். அந்தப் பக்கம் வந்ததும் காகிதத்தோட ரெண்டு மூலையைப் பிடிச்சு உரிச்சா சர்ருனு ஒரு சத்தத்தோட பிரியும், இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சத்தத்துக்கு எனக்கு நெஞ்சு படபடங்குது.

ஒரு நல்ல பிரிண்ட் யாருக்கும் வந்துடும், அதிர்ஷ்டம்னு ஒண்ணு இருக்கே. ரெண்டாவது வருஷத்துல மார்க் போடறது எடிஷனுக்கு. அதாவது ஒரே மாதிரி 10 எடுத்துக் காட்டணும், கலைச்சுப் போட்டா எது முதல்ல எடுத்தது எது கடைசின்னு தெரியக் கூடாது. நான் முதல் எடிஷன்ல காலையில எடுத்தது எல்லாம் கறுப்பு, மதியம் சாப்பிட்டுட்டு வந்து எடுத்தது எல்லாம் வெளிறிப் போச்சு, ஏன்னா தூக்கக் கலக்கத்துல கை அதிகமா துடைச்சிருக்கு. 14 எடுத்து 7-தான் தேறுச்சு. படத்துக்குக் கீழ பென்சில்ல இடது பக்கம் 3/10-னு போட்டிருப்பாங்க, அது பத்துல மூணாவதுன்னு அர்த்தம், நடுவுல படத்தோட பேரு, வலது பக்கம் கையெழுத்து. எடிஷனுக்கு வெளிய கலைஞர் தனக்குன்னு எடுத்து வெச்சுக்கிறதுல ஏ/பி-ன்னு (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்) எழுதுவாங்க, எடிஷன்ல பத்துல ஒரு பங்கு அளவுக்கு அது இருக்கலாம்னு ஒரு வழக்கம். ஜெராக்ஸ் எடுத்தா 3/10 போடலாமான்னு ஒரு மாமா கேட்டாரு, பதில் சொல்லாம காபி குடுத்து அனுப்பிட்டேன்.

அக்வாடின்ட் தகடு ரொம்ப நாள் உழைக்காது. ஒவ்வொரு தடவை துடைக்கும்போதும், பிரஸ்ல போகும்போதும் அந்தக் குட்டிச் சுவரெல்லாம் மழுங்கிட்டே வரும், முதல்ல போறது 10 செகண்ட், 20 செகண்ட் விட்ட லேசான சாம்பல்தான், அதுக்கு ஆழமே கிடையாதே. ஜிங்க் மெத்துனு இருக்கிற உலோகம், இன்னும் சீக்கிரம் தேயும்.

கலர் எப்போன்னு எல்லாரும் கேப்பாங்க. அதுக்கு வேற ஒரு நாள் எழுதணும், ஆனா ஒரு பேரை மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க, கிருஷ்ணா ரெட்டி. 1925-ல சித்தூர் மாவட்டத்துல பிறந்து, சாந்திநிகேதன்ல படிச்சு, நம்ம கலாக்ஷேத்ராவுல ஓவியம் சொல்லிக் குடுத்துட்டு, அப்புறம் பாரிஸ்ல ஹேட்டர்ங்கற பிரிண்ட் கலைஞரோட அட்லியே 17 ஸ்டூடியோவுல போய் விஸ்காசிட்டி முறையை வளத்ததுல முக்கியமான ஆளு. மையில எண்ணெய் கூடக் குறைய கலந்து, ஒரே தகட்டுல பல கலர் பூசி, ஒரே தடவையில பிரிண்ட் எடுக்கிற முறை அது. தகட்டை வேற வேற ஆழத்துல அரிச்சு வெச்சுக்கிட்டு, கெட்டி ரோலர்ல எண்ணெய் நிறைய கலந்த மையை மேட்டுல மட்டும் உருட்டுவாங்க, அப்புறம் மெத்துனு ரோலர்ல கெட்டி மையை உருட்டினா அது பள்ளத்துல போய் ஒட்டும், மேட்டுல இருக்கிற எண்ணெய் மை அதை ஒட்ட விடாது. எச்சிங்ல ஆழம்னா என்னன்னு கை தெரிஞ்சுக்கிட்டாத்தான் அந்தப் பக்கம் போக முடியும்.

நேத்து தங்கச்சி டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டு ஃபோட்டோ அனுப்பியிருந்தா. நல்லா பண்ணியிருக்கா, முதல் கட்டத்துல இருந்து அஞ்சாவது வரைக்கும் படிப்படியா இருட்டு ஏறுது, ஆறாவது மட்டும் அஞ்சாவதை விட வெளுத்துக் கிடக்கு. "அக்கா, அதிக நேரம் விட்டா கறுப்பாத்தானே வரணும், இது ஏன் திரும்பிப் போகுது?"ன்னு கேட்டா. அவளோட ஆசிட் புதுசு, வேகம் ஜாஸ்தி, பக்கவாட்டுலயும் அரிச்சு அரிச்சு ரோசின் புள்ளிக்கு அடியில இருந்த சுவரே கரைஞ்சு விழுந்துடுச்சு, மறுபடி பழைய வானம் மாதிரி வெறும் பள்ளம். "அம்மி தேஞ்சுடுச்சுடி"ன்னு டைப் பண்ணேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம் ரோசின் பெட்டி முன்னாடி மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரு செல்ஃபி வந்துச்சு, கீழ "மறுபடி கொத்தப் போறேன்"னு.